கண்ணாடிக்கு அடியில் ஒரே ஒரு பொத்தான்: பிளாக்பெர்ரி ஸ்டார்ம், 2008

2008 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் வெரைசன் என்ற செல்ஃபோன் சேவை நிறுவனத்தின் பல கடைகளின் வாசலில் கதவு திறப்பதற்கு முன்பே வரிசை நின்றது. பிளாக்பெர்ரி ஸ்டார்ம் என்ற தொடுதிரை ஃபோன் அன்றுதான் அங்கே விற்பனைக்கு வந்தது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, தபாலில் திரும்பி வரும் 50 டாலர் தள்ளுபடியையும் கழித்தால் விலை 199.99 டாலர். நிறையக் கடைகளில் அன்றைக்கே சரக்கு தீர்ந்தது. முதல் மாதத்தில் சுமார் 5 லட்சம் ஃபோன்கள் விற்றன. ஜனவரி இறுதியில் அது 10 லட்சத்தைத் தொட்டதாகச் செய்தி வந்தது. கல்லாப்பெட்டியை மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிப்போனவர்கள் முதல் மின்னஞ்சலைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

ஆரம்பகால ஸ்மார்ட்ஃபோன்களில் சொதப்பியவை நிறைய. 2009-இல் வந்த நோக்கியா என்97 நினைவகம் போதாமல் திணறியது. அதற்கு முன் வந்த விண்டோஸ் மொபைல் ஃபோன்களில் பலவற்றை எழுத்தாணிக் குச்சி இல்லாமல் தொடவே முடியாது. இவற்றை எல்லாம் விட்டுவிட்டு ஸ்டார்மை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கைக்குள் அடங்கும் கருவியில் கட்டைவிரலால் தட்டச்சு செய்வது எப்படி என்பதை உலகத்துக்கே கற்றுக்கொடுத்த கம்பெனி அதைச் செய்தது. அந்தக் கம்பெனி மற்ற எதில் சறுக்கியிருந்தாலும் புரிந்துகொள்ளலாம். தட்டச்சிலேயே எப்படிச் சறுக்கியது? அதுதான் என் கேள்வி.

விரலுக்குத் தெரிந்த கீபோர்டு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாட்டர்லூ என்ற ஊரில் இருந்தது ரிசர்ச் இன் மோஷன். சுருக்கமாக ரிம். 1984-இல் மைக் லசாரிடிஸ் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுத் தொடங்கிய கம்பெனி. பிற்பாடு ஜிம் பல்சிலி வந்து சேர்ந்தார். பொறியியல் லசாரிடிஸிடம், வியாபாரம் பல்சிலியிடம் என்று இருவரும் இணைத் தலைமை நிர்வாகிகளாக நடத்தினார்கள். பிளாக்பெர்ரி என்ற பெயரில் முதல் கருவி 1999-இல் வந்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன உருளை, கீழே கட்டைவிரல்களுக்கென்றே வடிவமைத்த பொத்தான்கள், அவ்வளவுதான். 2004-இல் ஒரு பொத்தானுக்கு இரண்டு எழுத்து வைத்து, எந்தச் சொல் என்பதை மென்பொருளே ஊகிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2006-இல் வந்த பேர்ல் மாடலில் உருளைக்குப் பதிலாக முத்து மாதிரி ஒரு குட்டிப் பந்து வந்தது.

2008 முடியும்போது பிளாக்பெர்ரி சந்தாதாரர்கள் 2 கோடியைத் தாண்டியிருந்தார்கள். அவர்களில் பலர் கூட்டத்தில் மேசைக்கு அடியில் ஃபோனை வைத்துக்கொண்டு, கீழே குனிந்துகூடப் பார்க்காமல் பதில் அனுப்பிவிடுவார்கள். பொத்தானின் விளிம்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது விரலுக்கே தெரியும். பந்தை உருட்டினால் வேண்டிய இடம் ஒளிரும், அழுத்தினால் திறக்கும். காட்டுவது வேறு செயல், உறுதி செய்வது வேறு செயல். பிளாக்பெர்ரியின் அடிப்படையே இந்தப் பிரிவுதான். ஸ்டார்மின் கதைக்கும் இதுதான் திறவுகோல்.

2007 ஜூன் 29-இல் ஐஃபோன் வந்தது. அமெரிக்காவில் அது ஏடி அண்ட் டி நிறுவனத்திடம் மட்டுமே கிடைத்தது. போட்டியாளரான வெரைசனிடம் எதிர்த்து நிறுத்த ஒரு ஃபோன் இல்லை. வெரைசன் வயர்லெஸ்ஸில் அப்போது 45 சதவீதப் பங்கு வைத்திருந்த வோடஃபோனுக்கும் ஒரு தொடுதிரை ஃபோன் தேவைப்பட்டது. ரிம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. வோடஃபோன் பிரிட்டனில் ஒரு வாரம் முன்னதாகவும் வெரைசன் அமெரிக்காவில் நவம்பர் 21-ஆம் தேதியும் விற்பனையைத் தொடங்கின.

லசாரிடிஸுக்கு வெறும் கண்ணாடியில் தட்டச்சு செய்வது பிடிக்கவில்லை. ஐஃபோன் வந்தபிறகு அதை வெளிப்படையாகவே சொல்லிவந்தார். இதை வைத்து அவரைப் பழமைவாதி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் சொன்ன குறை உண்மையானது. வழவழப்பான கண்ணாடியில் எந்த எழுத்தின் மேல் விரல் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. பட்டாலே எழுத்து விழுந்துவிடும். தொடுவதையும் அழுத்துவதையும் கண்ணாடி பிரித்துப் பார்க்காது. அப்படியானால் கண்ணாடியையே பொத்தானாக்கினால் என்ன? ஷ்யூர்பிரஸ் என்று பெயர் வைத்த ஏற்பாடு இப்படித்தான் பிறந்தது.

ஒரு தட்டு, ஒரு பொத்தான்

3.25 அங்குலத் திரை. அந்தத் திரைக்கு அடியில், நடுவில், ஒரே ஒரு இயந்திரப் பொத்தான். திரையைத் தொட்டால் விரலுக்கு அடியில் உள்ள எழுத்து நீலமாக ஒளிரும், ஆனால் எதுவும் நடக்காது. அழுத்தினால் திரை முழுவதும் டக்கென்று உள்ளே இறங்கும். அப்போதுதான் எழுத்து விழும். பந்தை உருட்டி அழுத்தும் பழைய முறையை அப்படியே கண்ணாடிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். காகிதத்தில் இது அழகான யோசனை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதை ஃபோன் இல்லாமலே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். காலிங்பெல் சுவிட்ச்சின் பொத்தான் மேல் ஒரு கெட்டி அட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். அட்டையின் நடுவில் அழுத்தினால் மணி சுலபமாக அடிக்கும். ஓரத்தில் அழுத்தினால் அட்டை சாயும், கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டும். இப்போது இடது கட்டைவிரலால் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் இன்னொரு இடத்தில் அழுத்திப் பாருங்கள். இரண்டாவது தடவை மணி அடிக்காது. அட்டை ஏற்கெனவே இறங்கிவிட்டது, இன்னும் கீழே போக இடமில்லை. இடது விரலை எடுத்து, அட்டை மேலே வந்தபிறகுதான் வலது விரலுக்கு வேலை.

பிளாக்பெர்ரியில் வேகமாகத் தட்டச்சு செய்பவரின் இரண்டு கட்டைவிரல்களைக் கவனித்தால் ஒன்று புரியும். ஒரு விரல் மேலே எழும்பி முடிப்பதற்குள் அடுத்த விரல் இறங்கியிருக்கும். ஒரு சில கணம் இரண்டுமே பொத்தான் மேல் இருக்கும். அந்த வேகத்தின் ரகசியமே அந்த மேற்படிதல்தான். தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும்வரை அதில் பிரச்சினை இல்லை. ஸ்டார்மில் எல்லா எழுத்துக்கும் ஒரே பொத்தான். அதனால் தொடு, ஒளிர்கிறதா என்று பார், அழுத்து, விடு, தட்டு மேலே வரட்டும், அப்புறம் அடுத்த எழுத்து. பத்து வருடம் பழகிய கை, ஈரத் தரையில் காலை ஊன்றி ஊன்றி நடப்பதுபோல ஆகிவிட்டது. பழைய வேகத்தில் அடித்தால் எழுத்துகள் விழாமல் போயின. கவனமாக அடித்தால் ஒரு வரி பதிலுக்கே கட்டைவிரல் களைத்தது. யாருக்கு அதிகப் பழக்கம் இருந்ததோ அவருக்குத்தான் அதிக அவஸ்தை. பிளாக்பெர்ரியை இத்தனை வருடம் தாங்கிப்பிடித்தவர்களையே அது அதிகமாக நோகடித்தது. இந்த ஃபோனில் எனக்கு மன்னிக்க முடியாததாகத் தோன்றுவது இதுதான்.

இன்னொன்றும் இருந்தது. ஃபோனை நிமிர்த்திப் பிடித்தால் பொத்தானுக்கு இரண்டு எழுத்துள்ள கீபோர்டுதான் வரும். எழுத்துக்கு ஒரு பொத்தான் வேண்டுமென்றால் ஃபோனைப் படுக்கை வாட்டில் திருப்ப வேண்டும். திருப்பினால் திரையும் திரும்ப வேண்டும் அல்லவா? முதலில் வந்த மென்பொருளில் அது உடனே திரும்பவில்லை. கையில் ஃபோன் படுத்திருக்கும், திரை நின்றபடியே இருக்கும். சரி, மறுபடி நிமிர்த்தலாம் என்று கையைத் திருப்பும்போது திரை படுத்துக்கொள்ளும். ஒரு கடவுச்சொல்லை இப்படி அடிப்பதை நினைத்துப் பாருங்கள்: நிமிர்ந்த கீபோர்டில் சொல்லை ஊகிக்க முடியாது, படுத்த கீபோர்டு வர மறுக்கிறது, ஒரு எழுத்து விழுந்ததா இல்லையா என்பது புள்ளிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

திரை மேலும் கீழும் போய்வர வேண்டுமென்பதால் அதைச் சுற்றி மெல்லிய இடைவெளி விட்டிருந்தார்கள். சட்டைப்பையின் தூசி அங்கே குடியேறியது.

உள்ளே ஓடிய மென்பொருள்

பிளாக்பெர்ரியின் இயங்குதளம் உருளைக்கும் பந்துக்குமாக எழுதப்பட்டது. நீளமான பட்டியல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெனு, மெனுவுக்குள் இன்னும் பத்து வரி. அதன் 4.7 பதிப்பில் தொடுதிரைக்கு வேண்டியதைச் சேர்த்து ஸ்டார்மில் போட்டார்கள். பட்டியலை நகர்த்த விரலை இழுத்தால், அது ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக எடுத்துக்கொள்ளும். அழுத்தினால் சில விநாடி ஒன்றும் நடக்காது. நடக்கவில்லையே என்று மறுபடி அழுத்தினால் இரண்டு அழுத்தமும் சேர்ந்து எங்கேயோ கொண்டுபோய் விடும். ஹேங் ஆகும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். பிளாக்பெர்ரிக்காரர்களுக்கு இதற்கெல்லாம் ஒரே கைவைத்தியம்தான்: பின்மூடியைக் கழற்று, பேட்டரியை எடு, திரும்பப் போடு. போட்டபிறகு ஃபோன் எழுந்துவரச் சில நிமிடம் பிடிக்கும். அவசர அழைப்பு ஒன்று செய்ய வேண்டியவருக்கு அந்தச் சில நிமிடம் எப்படி இருந்திருக்கும்?

வைஃபை கிடையாது. வெரைசனின் நெட்வொர்க் நன்றாக இருந்ததால் வீட்டுக்கு வெளியே அது பெரிய குறையாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். சிக்னல் நுழையாத கட்டடத்தில் வேலை செய்பவருக்கு மாற்று வழியே இல்லை. அதே விலைக்கு விற்ற ஐஃபோன் 3ஜியில் வைஃபை இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் நல்லதையும் சொல்ல வேண்டும். 360க்கு 480 புள்ளிகள் கொண்ட திரை அந்தக் காலத்துக்கு மிகக் கூர்மையானது. பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், 8 ஜிபி மெமரி கார்டு கூடவே வந்தது. அமெரிக்காவின் சிடிஎம்ஏ நெட்வொர்க்கிலும் வெளிநாட்டு ஜிஎஸ்எம் நெட்வொர்க்கிலும் ஒரே ஃபோன் வேலை செய்தது. அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. இரண்டு விரலை ஒரு வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்தால் அந்தப் பகுதியைப் பிரதி எடுக்கலாம். ஐஃபோனுக்கு அந்த வசதியே 2009 ஜூனில்தான் வந்தது. யோசிக்கத் தெரிந்தவர்கள் செய்த ஃபோன்தான் இது. அதனால்தான் மனசு ஆறவில்லை.

தேதி

நியூயார்க் டைம்ஸில் டேவிட் போக் எழுதிய விமர்சனம் விற்பனை தொடங்கிய ஒரு வாரத்துக்குள் வந்தது. இதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு அதிர்ச்சியோ குழப்பமோ அடையாத ஒருவரைக்கூடத் தான் சந்திக்கவில்லை என்று எழுதினார். இந்த ரயிலின் அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுக்க உள்ளே இருந்த ஒருவருக்கும் தைரியம் வரவில்லையா என்றும் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்விதான். வாட்டர்லூவில் இருந்த பொறியாளர்கள் நாள் முழுக்க பிளாக்பெர்ரியில் தட்டச்சு செய்தவர்கள். ஸ்டார்மை வைத்து ஐந்து நிமிடம் அடித்தால் தெரிந்துவிடும் குறை, அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கவே முடியாது.

விடை 2009 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட செய்தியில் கிடைக்கிறது. முதலில் அக்டோபரில் வெளியிடத் திட்டம். அது தவறிப்போனது. அமெரிக்காவில் நன்றித் திருநாளுக்கு மறுநாள் வரும் பிளாக் ஃபிரைடே, அந்த வருடம் நவம்பர் 28. நம் ஊர்க் கடைகளுக்குத் தீபாவளி எப்படியோ அங்கே அது அப்படி. அந்தத் தேதியைத் தவறவிட்டால் பண்டிகைக்கால விற்பனையே போய்விடும், அதனால் மயிரிழையில் அதைப் பிடித்தோம் என்று பல்சிலியே அந்தச் செய்தியில் ஒப்புக்கொண்டார். சிக்கலான ஃபோன்களைப் பெரிய எண்ணிக்கையில் செய்யும்போது இப்படிக் கோளாறுகளோடு வெளியிட்டுப் பிறகு சரிசெய்வதுதான் இந்தத் தொழிலின் புதிய யதார்த்தம் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில்தான் அவரோடு முழுதாக முரண்படுகிறேன். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மென்பொருள் அப்டேட் வந்தது. திரை சுழல்வது கொஞ்சம் சீரானது, தடுமாற்றம் குறைந்தது. அடுத்த வருடம் வந்த அப்டேட்கள் இன்னும் கொஞ்சம் உதவின. அதெல்லாம் மென்பொருள், திருத்தலாம். கண்ணாடிக்கு அடியில் உள்ள ஒற்றைப் பொத்தானை எந்த அப்டேட் நான்காக்கும்? ஃபோனைத் திருப்பிக் கொடுத்துப் புது ஃபோன் வாங்கினாலும் அதிலும் அதே தட்டு, அதே பொத்தான். பிறகு சரிசெய்யலாம் என்று சொல்வதற்கு முன், எது பிறகு சரியாகும், எது ஒருபோதும் ஆகாது என்று பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். லசாரிடிஸ் மாதிரி ஒரு பொறியாளருக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதி அவரையும் தாண்டிப் போய்விட்டது.

வாங்கியவர் நிலையைப் பாருங்கள். ஃபோன் பிடிக்கவில்லை என்று ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் வெரைசனுக்கு 175 டாலர் வரை கட்ட வேண்டும், அதாவது கிட்டத்தட்ட இன்னொரு ஸ்டார்மின் விலை. அவகாசத்துக்குள் திருப்பிக் கொடுக்காதவருக்கு வேறு வழியில்லை. பழுது என்று சொல்லி மாற்றி வாங்கலாம், ஒவ்வொரு முறையும் தொடர்பு எண்களையும் அமைப்புகளையும் முதலிலிருந்து ஏற்றலாம், அவ்வளவுதான்.

எத்தனை பேர் மாற்றி வாங்கினார்கள் என்பது வெளியே தெரிய ஆறு வருடத்துக்கு மேல் ஆனது. ரிம்மின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி இரண்டு கனடியப் பத்திரிகையாளர்கள் உள்ளே இருந்தவர்களிடம் பேசி 2015-இல் எழுதினார்கள். அவர்கள் தரும் கணக்கின்படி, 2008-இல் அனுப்பிய சுமார் 10 லட்சம் ஸ்டார்ம் ஃபோன்களில் ஏறக்குறைய எல்லாவற்றையுமே மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிக் கொடுத்ததிலும் பல திரும்பி வந்தன. வெரைசன் இழப்பீடாகக் கிட்டத்தட்ட 50 கோடி டாலர் கேட்டது. பல்சிலி பேசிப் பேசி, இலவசப் பழுதுபார்ப்பு, புது மாடலுக்கு மாற்றிக்கொடுப்பது என்று சுமார் 10 கோடி டாலர் அளவில் முடித்தார். பணக்கணக்கு அதோடு தீர்ந்தது. வெரைசனுக்கு ரிம் மேல் இருந்த நம்பிக்கை அதற்குப் பிறகு பழைய நிலைக்கு வரவில்லை.

ஸ்டார்ம்2

2009 அக்டோபர் 28-இல் வெரைசனில் ஸ்டார்ம்2 வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் ஃபோனின் ஒவ்வொரு குறையையும் யாரோ உட்கார்ந்து எழுதி வைத்துச் சரிசெய்தது இதில் தெரிகிறது. ஒற்றைப் பொத்தான் போய்விட்டது. திரைக்கு அடியில் நான்கு மூலைகளிலும் பீசோ மின் உணரிகள் வந்தன. எந்த மூலையில் எவ்வளவு அழுத்தம் என்று அவை அறியும், அதற்கேற்ப விரலுக்கு ஒரு சின்ன அதிர்வைத் திருப்பிக் கொடுக்கும். தட்டு சாய்வதில்லை. ஒரு விரலை எடுப்பதற்குள் இன்னொரு விரலை அழுத்தலாம். மேற்படிந்து விழும் அந்தப் பழைய இரண்டு கட்டைவிரல் வேகத்துக்கு இடம் கிடைத்தது. வைஃபை வந்தது. நினைவகம் 128 எம்பியிலிருந்து 256 எம்பி ஆனது. ஃபோனை அணைத்துவிட்டுத் திரையை அழுத்தினால் அது அசையவே அசையாது, வெறும் கண்ணாடி. உயிர் வந்தால்தான் டக் வரும்.

2015-இல் ஆப்பிள் தன் மேக்புக் மடிக்கணினிகளில் நகராத தொடுபலகையைக் கொண்டுவந்தது. நான்கு மூலைகளிலும் அழுத்த உணரிகள், அழுத்தினால் அதிர்வு, அணைத்தால் வெறும் கண்ணாடி. அதில் விரல் வைக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்டார்ம்2 ஞாபகம்தான் வருகிறது. லசாரிடிஸ் பிடித்த நூல் சரியான நூல்தான். அதைக் கோக்க இன்னும் ஒரு வருடம் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த ஒரு வருடத்தில் வெரைசன் வேறு இடத்தில் ஆள் பார்த்துவிட்டது. ஸ்டார்ம்2 வந்த ஒன்பதாவது நாள், 2009 நவம்பர் 6-இல், மோட்டோரோலா ட்ராய்டு அதே கடைகளில் வந்தது. ஆண்ட்ராய்டு 2.0, வைஃபை, இழுத்தால் வெளியே வரும் உண்மையான கீபோர்டு. வெரைசன் தன் விளம்பரப் பணத்தை அதன் மேல் கொட்டியது. முந்தின வருடம் ஸ்டார்முக்கு இருந்த அலமாரியின் முன்வரிசை இப்போது ட்ராய்டுக்கு. ஸ்டார்ம் வரிசையில் மூன்றாவது ஃபோன் வெளிவரவே இல்லை. 2010 ஆகஸ்ட்டில் ரிம் டார்ச் என்ற மாடலை வெளியிட்டபோது, தொடுதிரைக்குக் கீழே வழக்கமான பொத்தான் கீபோர்டை வைத்திருந்தது. அது விற்பனைக்கு வந்தது வெரைசனில் அல்ல, ஏடி அண்ட் டியில். 2012 ஜனவரியில் லசாரிடிஸும் பல்சிலியும் இணைத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்கள்.

2011 பிப்ரவரி 10-இல் வெரைசன் கடைகளில் ஐஃபோன் 4 விற்பனைக்கு வந்தது. முதல் நாள் வரிசையில் நின்று ஸ்டார்ம் வாங்கி, இரண்டு வருட ஒப்பந்தத்தை முழுசாக ஓட்டியவருக்கு, அது முடிந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.